பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு எந்த போன்? மாதக் கணக்கில் ஓர் ஒப்பீடு

என் அக்கா திண்டுக்கல்லில் தையல் வேலை செய்கிறாள். 2025 ஜூன் மாதம் அவளுடைய மகளுக்கு மதுரையில் பாலிடெக்னிக் சேர்க்கை கிடைத்தது. சீட்டு எடுத்த பணத்தில் கட்டணம் கட்டியது போக மீதி 12,000 ரூபாயை என் கையில் கொடுத்து, "தம்பி, அவளுக்கு ஒரு நல்ல போனாகப் பார்த்து வாங்கிக் கொடு. படிப்பு முடிகிற வரைக்கும் தாங்க வேண்டும்" என்றாள்.

பாலிடெக்னிக் படிப்பு மூன்று ஆண்டுகள், அதாவது 36 மாதங்கள். குறைந்த விலை ஸ்மார்ட்போன் ஒன்று கொடுத்த காசுக்குத் தகுமா என்று பார்ப்பதற்கு அக்கா சொன்ன அந்த ஒரு வரியைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. கடையில் முதல் நாள் எல்லா போனும் நன்றாகத்தான் ஓடுகிறது. இருபதாவது மாதத்தில் எப்படி ஓடும் என்பதுதான் கேள்வி. ஆகவே விலையை அப்படியே பார்க்காமல், அந்த போன் உருப்படியாக உழைக்கப்போகும் மாதங்களால் வகுத்துப் பார்த்தேன்.

இந்தக் கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது அப்பாவின் பழைய போன். 7,299 ரூபாய்க்கு நானே வாங்கிக் கொடுத்தது. 2 ஜிபி ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளுக்கான தற்காலிக நினைவகம்), 32 ஜிபி சேமிப்பகம். விலையைப் பார்த்து மகிழ்ந்து வாங்கினேன். பதினான்கு மாதங்களில் 'சேமிப்பகம் நிரம்பிவிட்டது' என்ற அறிவிப்பு தினமும் வரத் தொடங்கியது. 32 ஜிபியில் பாதியளவு போனின் சொந்த மென்பொருளுக்கே போய்விட, மிச்சத்தை உறவினர்கள் அனுப்பும் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் நிரப்பிவிட்டன. ஒரு நாள் மருந்துக் கடையில் அப்பா பணம் அனுப்ப நின்றார். கியூஆர் குறியீட்டைப் பிடித்தாயிற்று, தொகையும் போட்டாயிற்று. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் நான்கு பேர். அப்பா போனை அணைத்து மறுபடி போட்டார். அது உயிர்பெற ஐந்து நிமிடம் ஆயிற்று. மருந்தை வாங்காமலே வீட்டுக்கு வந்து, "எனக்குத்தான் இதைப் பயன்படுத்தத் தெரியவில்லை போலிருக்கிறது" என்று சொன்னார். குறை அவரிடம் இல்லை. அந்த போனை வாங்கிய என்னிடம் இருந்தது. பத்தொன்பதாவது மாதம் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டோம். 7,299 ரூபாயைப் பத்தொன்பதால் வகுத்தால் மாதம் 384 ரூபாய். மலிவு என்று நினைத்து வாங்கிய போன் எங்கள் வீட்டிலேயே விலை உயர்ந்த போனாக முடிந்தது.

மருமகளுக்கான பட்டியலில் நான்கு பெயர்கள் வந்தன. நான் சொல்லும் விலைகளெல்லாம் அவை அறிமுகமான நாளின் விலைகள். நீங்கள் படிக்கும் நேரத்தில் ஏறியோ இறங்கியோ இருக்கலாம்.

முதலாவது ரெட்மி ஏ4 5ஜி. 2024 நவம்பரில் வந்தது. 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும் கொண்ட வகை 8,499 ரூபாய். இந்த விலையில் இது பல விஷயங்களில் நியாயமான போன் என்றே சொல்வேன். ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப் அன்றாட வேலைக்குப் போதும். அதைவிட முக்கியம், இதில் இருப்பது யுஎஃப்எஸ் 2.2 சேமிப்பகம். கடைக்காரர்கள் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை. ஆனால் போன் கிழடாகும் வேகத்தைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மலிவான போன்கள் பலவற்றில் இன்னமும் இஎம்எம்சி என்ற பழைய வகைதான் இருக்கிறது. அது ஒரே நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள் மட்டும் போகக்கூடிய குறுகிய பாலம். படிக்கும்போது எழுதாது, எழுதும்போது படிக்காது. யுஎஃப்எஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். கோப்புகளை வாசிக்கும் வேகமும் இஎம்எம்சியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வரை போகும். பின்னணியில் வாட்ஸ்அப் வீடியோ இறங்கிக்கொண்டிருக்கும்போது பணம் அனுப்பும் செயலியைத் திறந்தால் போன் திணறுவது ஏன் என்பதற்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஏ4 எங்களுக்கு ஒத்துவரவில்லை. காரணம் சிம். அக்கா வீடு இருக்கும் தெருவில் ஏர்டெல்தான் எடுக்கும். வீடு முழுக்க அதே சிம். இந்த போனின் 5ஜி, எஸ்ஏ எனப்படும் தனித்த 5ஜி வலையமைப்பில் மட்டுமே வேலை செய்யும். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி வந்தபோது ஜியோ அந்தத் தனித்த முறையைத் தேர்ந்தெடுத்தது. ஏர்டெல்லோ 4ஜி கட்டமைப்பின் மேல் 5ஜியை ஏற்றும் என்எஸ்ஏ முறையில் தொடங்கியது. அந்த முறை இந்த போனில் இல்லை. ஆக, ஜியோ சிம் போட்டால் இது 5ஜி போன். ஏர்டெல்லின் என்எஸ்ஏ கோபுரத்துக்கு இது 4ஜி போன். பெட்டியின் மேல் '5ஜி' என்று பெரிதாக எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்குபவருக்கு இது தெரிய வழியே இல்லை. வாங்கும் முன் விவரப் பக்கத்தில் எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் எழுதியிருக்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஜியோ வைத்திருப்பவர் வீட்டில் இந்த போனைப் பற்றிய என் தீர்ப்பே வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது சாம்சங் கேலக்ஸி எஃப்06 5ஜி. 2025 பிப்ரவரியில், சலுகை போக 9,499 ரூபாய்க்கு வந்தது. மூன்றாவது அதே நிறுவனத்தின் எம்16 5ஜி. வங்கிச் சலுகையோடு 11,499 ரூபாய். வேடிக்கை என்னவென்றால் இரண்டிலும் ஒரே மீடியாடெக் டைமென்சிட்டி 6300 சிப்தான். வேகம் ஒன்றென்றால் கூடுதலாகக் கொடுக்கும் இரண்டாயிரம் எதற்கு? ஒன்று திரைக்கு, மற்றொன்று ஆயுளுக்கு. எஃப்06-க்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகள் வரை மேம்படுத்தித் தருவதாக உறுதி. எம்16-க்கு ஆறு பதிப்புகள், ஆறு ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட். இந்த விலையில் ஆறு என்பது சில ஆண்டுகளுக்கு முன்பு நினைத்தும் பார்க்க முடியாத எண்.

திரை வித்தியாசத்தை எண்ணாகப் படித்தால் மனதில் நிற்காது. எஃப்06-ல் ஓர் அங்குலத்துக்கு 260 புள்ளிகள், எம்16-ல் ஏறக்குறைய 385 என்று சொன்னால் யாருக்கு என்ன புரியும்? மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் இரண்டு போன்களையும் அருகருகே வைத்துக்கொண்டோம். சீனியர் மாணவி ஒருத்தி அனுப்பியிருந்த மின்சுற்றுக் குறிப்புகளின் பிடிஎஃப் மருமகளிடம் இருந்தது. கையால் எழுதி ஸ்கேன் செய்தது. அதை இரண்டிலும் திறந்தாள். முதல் போனில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு விரலால் விரித்து, இடமிருந்து வலமாக நகர்த்தி, மறுபடி சுருக்கிப் படித்தாள். ஆர் என்ற எழுத்துக்குக் கீழே பொடியாக எழுதியிருந்தது ஒன்றா ஏழா என்று தெரியாமல் என்னைக் கேட்டாள். இரண்டாவது போனில் விரல் படாமலே பக்கத்தைப் படித்து முடித்து, "ஏழு, மாமா" என்றாள். பிறகு வாசலுக்குப் போய் மதிய வெயிலில் இரண்டையும் பிடித்துப் பார்த்தாள். அங்கும் எம்16-ன் அமோலெட் திரைதான் தெளிவாகத் தெரிந்தது. தினமும் இரண்டு மணி நேரம் பிடிஎஃப் படிக்கப்போகிற பெண்ணுக்கு இது ஆடம்பரம் இல்லை.

மாறாக, என் அப்பாவுக்கு இன்று போன் வாங்குவதாக இருந்தால் எஃப்06 போதும் என்பேன். அவருக்குப் பேச்சு, வாட்ஸ்அப், பணம் அனுப்புவது, இரவில் பழைய பாட்டு. எழுத்தை அவர் எப்படியும் பெரிதாக்கித்தான் வைத்துக்கொள்கிறார். அவருக்கு எம்16-ன் திரைக்காகக் கொடுக்கும் இரண்டாயிரம் வீண். ஒரே போன் ஒருவருக்குத் தகுந்த விலையாகவும் இன்னொருவருக்குத் தண்டச் செலவாகவும் இருப்பது இப்படித்தான்.

நான்காவது யோசனை நண்பர் ஒருவருடையது. "புதிதாகச் சாதாரண போன் வாங்குவதைவிடப் பழைய உயர்ரக போன் வாங்கினால் லாபம்" என்றார். அவர் சொன்னது கூகுள் பிக்சல் 6ஏ. 2022 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது 43,999 ரூபாய். எங்களுக்குப் பழைய போன் விற்பவர் ஒருவர் 13,000 சொன்னார். உண்மையைச் சொல்ல வேண்டும், கையில் எடுத்ததும் மனம் தடுமாறியது. அதன் கேமரா முன் மற்ற மூன்றும் நிற்க முடியாது. கட்டமைப்பு, வேகம், திரை எல்லாமே ஒரு படி மேல். மருமகளின் கண்கள் அதைவிட்டு அகலவில்லை.

ஆனால் மாதக் கணக்கு அங்கே கைகொடுக்கவில்லை. அந்த போனுக்கு கூகுள் உறுதியளித்த பாதுகாப்பு அப்டேட் 2027 ஜூலை வரைதான். நாங்கள் பார்த்த நாளிலிருந்து 25 மாதங்கள். 13,000-ஐ 25-ஆல் வகுத்தால் மாதம் 520 ரூபாய். அதிலும் மூன்று ஆண்டுகள் உழைத்த பேட்டரி. பழைய போனில் வெளியே தெரியாமல் தேய்வது பேட்டரிதான். கண்ணாடியைத் துடைத்துப் புதிதாகக் காட்டலாம், பேட்டரியை அப்படிக் காட்ட முடியாது. வேண்டாம் என்று வந்துவிட்டோம். அடுத்த மாதமே, 2025 ஜூலையில், பிக்சல் 6ஏ போன்களில் சிலவற்றின் பேட்டரி அதிகமாகச் சூடாகும் அபாயம் இருப்பதாகச் சொல்லி கூகுள் கட்டாய அப்டேட் ஒன்றை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட போன்களில் 400 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு பேட்டரியின் கொள்ளளவும் சார்ஜ் ஏறும் வேகமும் குறைக்கப்படும். இலவசமாக பேட்டரி மாற்றுவது உள்ளிட்ட ஈடுகளையும் நிறுவனம் அறிவித்தது, அதை மறைக்கவில்லை. என்றாலும் அந்த போனை வாங்கியிருந்தால் படிப்பு தொடங்கிய மாதத்தில் சர்வீஸ் சென்டர் தேடி அலைந்திருப்போம்.

பழைய போன் வாங்கவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தெரிந்தவரிடம் ஓராண்டு பயன்படுத்திய போன், ரசீதோடும் பெட்டியோடும் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். *#06# என்று அழைத்தால் திரையில் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண், வரும். கேஒய்எம் என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் பதிவேட்டில் அந்த போனின் நிலை என்ன என்று பதில் வரும். திருட்டு போன் என்று முடக்கப்பட்டிருந்தால் பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும்.

எம்16 என்று முடிவாயிற்று. ஆனால் அதிலேயே எது? 4 ஜிபி ரேம் வகையா, 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 6 ஜிபி வகையா? எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தக் கேள்விதான். போன்களுக்கு இடையிலான வித்தியாசத்தைவிட இந்த வித்தியாசம் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆறு ஆண்டுகள் அப்டேட் வரும் என்று நிறுவனம் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். புதிய பதிப்புகள் பெரும்பாலும் முந்தையவற்றைவிட அதிக ரேம் கேட்கின்றன. செயலிகளும் அப்படியே வீங்குகின்றன. 4 ஜிபியில் நான்காவது, ஐந்தாவது பதிப்பு வந்து உட்காரும்போது போன் பெயருக்குப் புதிதாகவும் கைக்குக் கிழடாகவும் இருக்கும். ஆறு ஆண்டுகள் உறுதிமொழியை முழுதாகக் கணக்கில் எடுப்பது சரியில்லை. 4 ஜிபி வகைக்கு என் மதிப்பீடு மூன்று ஆண்டுகள். 6 ஜிபிக்கு நான்கு. முதலாவது 11,499 வகுத்தல் 36, மாதம் 319 ரூபாய். இரண்டாவது 12,999 வகுத்தல் 48, மாதம் 271 ரூபாய். கூடக் கொடுத்த 1,500 ரூபாய் போனை மலிவாக்கிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க, 8,499 ரூபாய் ஏ4-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்ற அளவில் இரண்டரை ஆண்டுகள் வைத்தேன்; மாதம் 283 வருகிறது. எம்16-ஐவிட அப்படியொன்றும் மோசமில்லை. ஆனால் அந்த இரண்டரை ஆண்டுகள் முடிவது 2027 டிசம்பரில். இறுதி ஆண்டின் நடுவில் அக்கா இன்னொரு சீட்டு எடுக்க வேண்டியிருக்கும். மாதக் கணக்கோடு அந்த மாதம் எங்கே முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

'4 ஜிபி + 4 ஜிபி = 8 ஜிபி' என்று பெட்டியில் ஒட்டியிருப்பதைக் காட்டி, "ரேம் எட்டு இருக்கிறது அண்ணே" என்று கடைப் பையன் ஒருவன் சொன்னான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவன் சொன்னான். இரண்டாவது நான்கு ரேமே இல்லை. சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடம். உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது. கூட்டலுக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50 மெகாபிக்சல் என்பவை வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகின்றன. பக்கத்தில் ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் கேமரா எண்ணிக்கைக்காக. பகல் வெளிச்சத்தில் கரும்பலகையைப் படம்பிடிக்க எல்லாமே போதும். இரவில் எல்லாமே சுமார். இந்த விலையில் கேமராவை வைத்து போனைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை.

அப்போது பதினாறாயிரம் ரூபாய்ப் பக்கம் போயிருந்தால் சிஎம்எஃப் போன் 1 போன்றவற்றில் கணிசமாக வேகமான சிப் கிடைத்திருக்கும். விளையாட்டு, வீடியோ எடிட்டிங் என்று போகிறவர்களுக்கு அந்தப் படி ஏறுவது நியாயம். மருமகளுக்கு அந்தத் தேவை இல்லை, அக்காவிடம் அந்தப் பணமும் இல்லை.

விலை என்று அட்டையில் எழுதியிருப்பதும் கையிலிருந்து போவதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எம்16-ன் அறிமுக விலையில் ஆயிரம் ரூபாய் வங்கிச் சலுகை. அக்காவின் வங்கி அட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது. சலுகை கிடைக்காதவருக்கு அந்த விலை இல்லை. ஒப்பிடும்போது அவருடைய உண்மையான விலையை வைத்தே ஒப்பிட வேண்டும். பெட்டியில் சார்ஜரும் இல்லை. 25 வாட் சார்ஜருக்குத் தனியாக ஆயிரம் ரூபாய் அளவில் ஆகும். வீட்டில் இல்லாதவர்கள் அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

'வட்டியில்லாத் தவணை' என்று கூப்பிட்டார்கள். பூஜ்ய வட்டித் திட்டங்கள் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆகவே இப்போது நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடும், அந்த அளவுத் தொகையை விற்பவர் தள்ளுபடியாகக் கழிப்பார். கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில்தான் விழும். நடைமுறைக் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் தனி. பெரிய தொகை இல்லை. ஆனால் மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காமலும் போகலாம். இரண்டு விலைகளையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நான் என் கிரெடிட் கார்டில் சலுகையோடு மொத்தமாகக் கட்டினேன், தவணை போடவில்லை. அக்காவின் 12,000 போக மேலே வந்த 999 ரூபாயை மாமன் முறைக்கு என் பங்காக வைத்துக்கொள்ளச் சொன்னேன். வீட்டில் சும்மா கிடந்த 25 வாட் சார்ஜர் ஒன்றையும் கொடுத்தேன்.

போன் வந்த அன்று அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரசீதை மடித்து அதற்குள் வைத்தோம். மூடியின் உள்பக்கம் வாங்கிய தேதியை நான் எழுதினேன். அக்கா துணி குறிக்கும் பென்சிலை எடுத்து அதன் கீழே, 'மே 2028' என்று தன் கையால் எழுதி, பெட்டியை பீரோவின் மேல்தட்டில் வைத்தாள்.